சிப்பாய் போனால் போகட்டும், ராஜா நடக்கட்டும்

சதுரங்கம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை எல்லாக் கேள்விகளும் ஒரே ஆட்டத்தைப் பற்றியவை. 1924 மார்ச் 23 அன்று நியூயார்க்கில் காபாபிளாங்கா வெள்ளைக் காய்களிலும் டார்டகோவர் கறுப்புக் காய்களிலும் ஆடியது. 11 பேர், ஒவ்வொருவரோடும் இரண்டு முறை, ஆளுக்கு 20 ஆட்டம் என்று நடந்த போட்டி அது. 16 புள்ளிகளோடு லாஸ்கர் முதலிடம், 14½ புள்ளிகளோடு காபாபிளாங்கா இரண்டாமிடம். அப்போது உலக சாம்பியனாக இருந்த காபாபிளாங்கா முந்தின நாள்தான் ரேட்டியிடம் தோற்றிருந்தார். எட்டு ஆண்டுகளில் அவருக்கு அது முதல் தோல்வி.

பலகையை விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள், வெறுமனே படித்தால் பாதிதான் ஏறும். பிஷப்பை மந்திரி என்றும் ரூக்கை யானை என்றும் எழுதியிருக்கிறோம். × என்றால் வெட்டு, + என்றால் செக். ஃபைல் என்றால் மேலிருந்து கீழாக ஓடும் கட்ட வரிசை. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு. முதல் 34 நகர்வுகள்:

1.டி4 இ6 2.குதிரை எஃப்3 எஃப்5 3.சி4 குதிரை எஃப்6 4.மந்திரி ஜி5 மந்திரி இ7 5.குதிரை சி3 கேஸ்லிங் 6.இ3 பி6 7.மந்திரி டி3 மந்திரி பி7 8.கேஸ்லிங் ராணி இ8 9.ராணி இ2 குதிரை இ4 10.மந்திரி×இ7 குதிரை×சி3 11.பி×சி3 ராணி×இ7 12.ஏ4 மந்திரி×எஃப்3 13.ராணி×எஃப்3 குதிரை சி6 14.எஃப்1 யானை பி1 ஏ8 யானை இ8 15.ராணி எச்3 யானை எஃப்6 16.எஃப்4 குதிரை ஏ5 17.ராணி எஃப்3 டி6 18.யானை இ1 ராணி டி7 19.இ4 எஃப்×இ4 20.ராணி×இ4 ஜி6 21.ஜி3 ராஜா எஃப்8 22.ராஜா ஜி2 யானை எஃப்7 23.எச்4 டி5 24.சி×டி5 இ×டி5 25.ராணி×இ8+ ராணி×இ8 26.யானை×இ8+ ராஜா×இ8 27.எச்5 யானை எஃப்6 28.எச்×ஜி6 எச்×ஜி6 29.யானை எச்1 ராஜா எஃப்8 30.யானை எச்7 யானை சி6 31.ஜி4 குதிரை சி4 32.ஜி5 குதிரை இ3+ 33.ராஜா எஃப்3 குதிரை எஃப்5 34.மந்திரி×எஃப்5 ஜி×எஃப்5.

மீதி நகர்வுகள் கீழே அந்தந்தப் பதிலில் வருகின்றன.

கேள்வி (சேலம் வாசகர்): 11-ஆவது நகர்வில் வெள்ளைக்கு சி ஃபைலில் இரட்டைச் சிப்பாய் (ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு) விழுந்துவிட்டது. அது பலவீனம் என்றுதானே சொல்லிக்கொடுக்கிறார்கள்? அப்படியிருக்க, இந்த நிலை வெள்ளைக்கு மோசமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: இரட்டைச் சிப்பாயைத் தவிர்த்திருக்க முடியாது என்பதை முதலில் பாருங்கள். 10...குதிரை×சி3 வந்ததும் இ2-இல் இருக்கும் வெள்ளை ராணி அடிபடுகிறது. எஃப்8 யானைக்கு ஆசைப்பட்டு 11.மந்திரி×எஃப்8 என்று போனால் 11...குதிரை×இ2+ என்று ராணியே போய்விடும். ஆகவே சிப்பாயால் திருப்பி வெட்டுவதுதான் இயல்பு.

அடுத்தது, அந்தப் பலவீனத்தைத் தாக்கக் கறுப்பு என்ன விலை கொடுக்கிறது என்பது. சி4 சிப்பாயைக் குறிவைத்து டார்டகோவர் குதிரையை சி6 வழியாக ஏ5-க்குக் கொண்டுபோகிறார். அதற்கு முன்பே 12-ஆவது நகர்வில் பி7 மந்திரியைக் கொடுத்து வெள்ளைக் குதிரையை வாங்கிவிட்டார். ஆக வெள்ளையிடம் மந்திரி, கறுப்பிடம் குதிரை. டி3-இல் நிற்கும் மந்திரி சி4 சிப்பாயைக் காக்கிறது. அதே இடத்தில் நின்றபடி மறுபக்கம் எச்7 வரைக்கும் பார்க்கிறது. ஏ5 குதிரையோ சி4-ஐப் பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாமல் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. காவலாள் இரண்டு வேலை செய்கிறான், தாக்குபவன் ஒன்றுதான் செய்கிறான். 24.சி×டி5 என்று அந்த சி4 சிப்பாயே போர்க்களத்தை விட்டுப் போனதும் குதிரைக்கு இருந்த அந்த ஒரு வேலையும் போய்விட்டது. ராஜா மறுகோடியில் அடிவாங்கும் நேரத்தில் குதிரை ஏ5-இல். அங்கிருந்து சி4, இ3, எஃப்5 என்று மூன்று தாவலில்தான் அதால் உதவிக்கு வர முடிந்தது, 31 முதல் 33 வரையான நகர்வுகளைப் பாருங்கள்.

இரட்டைச் சிப்பாயால் வெள்ளைக்கு பி ஃபைலும் திறந்தது. 12.ஏ4, 14.யானை பி1 இரண்டும் பி6 சிப்பாயை நோக்கியவை. அந்தப் பக்கம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் கறுப்பு அங்கே ஒரு கண் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

கேள்வி (திருச்சி வாசகர்): 13-இல் எஃப்3-க்கு வந்த ராணி 15-இல் எச்3 போகிறது, 17-இல் மறுபடி எஃப்3-க்கே வருகிறது. இரண்டு நகர்வு வீண்தானே? மாஸ்டர்களும் இப்படி வீணாக்குவார்களா?

பதில்: அருமையான கேள்வி, இந்த ஆட்டத்தில் பலர் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் இடம் இது. ராணி எஃப்3-இல் இருக்கும்போது எஃப்2 சிப்பாயைப் பாருங்கள். அதன் வழியை ராணியே மறித்துக்கொண்டிருக்கிறது. ராணி எச்3-க்கு ஒதுங்கியதும் 16.எஃப்4. சிப்பாய் கடந்து போனதும் ராணி பழைய இடத்துக்குத் திரும்புகிறது. கதவைத் திறந்து வழிவிட்டு மறுபடி சாத்திய மாதிரி.

எஃப்4 சிப்பாய் எதற்கு? கறுப்பு என்றாவது இ5 என்று மையத்தில் மூச்சு விடப் பார்க்கும், அதை எஃப்4 அடைத்துவிடுகிறது. இ5 அடைபட்ட பிறகு இ4 என்ற தள்ளுதல் வெள்ளைக்கு மட்டுமே சொந்தம். 18.யானை இ1, 19.இ4 என்று அடுத்த இரண்டு நகர்வில் அது வந்துவிட்டது. 19...எஃப்×இ4 20.ராணி×இ4 ஆனதும் ராணிக்குப் பின்னால் டி3 மந்திரி, இரண்டும் ஒரே சாய்வில் எச்7-ஐப் பார்க்கின்றன. ராணி×எச்7+ என்ற அச்சுறுத்தலைத் தடுக்கக் கறுப்பு ஜி6 ஆட வேண்டியதாயிற்று. அந்த ஜி6 சிப்பாய்தான் அடுத்த 14 நகர்வுகளுக்கும் வெள்ளையின் இலக்கு.

இன்னொன்று: அதே சமயத்தில் கறுப்பும் 15...யானை எஃப்6, பிறகு 22...யானை எஃப்7 என்று யானையை முன்னும் பின்னும் நகர்த்தியிருக்கிறது. நகர்வுகளை எண்ணும்போது இரண்டு பக்கமும் எண்ண வேண்டும்.

கேள்வி (ஈரோடு வாசகர்): தாக்குதல் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது 25-இல் ராணிகளை மாற்றிக்கொண்டது ஏன்? எப்போது காய்களை மாற்றிக்கொள்ளலாம், எப்போது கூடாது என்பதற்கு விதி உண்டா?

பதில்: 24-ஆவது நகர்வுக்குப் பிறகு இ4-இல் உள்ள ராணி டி5 சிப்பாயாலும் இ8 யானையாலும் அடிபடுகிறது. ராணியை ஒதுக்கினால் திறந்த இ ஃபைல் கறுப்புக்குப் பயன்பட்டுவிடும். ஆகவே 25.ராணி×இ8+ தொடங்கி இரண்டு ராணிகளும் ஒரு ஜோடி யானைகளும் வெளியேறின. கறுப்பு 24...ராணி×டி5 என்று ஆடியிருந்தாலும் 25.ராணி×டி5 இ×டி5 26.யானை×இ8+ ராஜா×இ8 என்று அதே நிலைதான் வந்திருக்கும், பலகையில் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.

"விதி" என்று கேட்டீர்கள். போகிற காய்களைப் பார்க்காதீர்கள், மிச்சம் இருப்பதைப் பாருங்கள் என்பதே எங்கள் பதில். 26-க்குப் பிறகு என்ன மிச்சம்? வெள்ளை: ஜி2-இல் ராஜா, ஏ1-இல் யானை, டி3-இல் மந்திரி, சிப்பாய்கள் ஏ4, சி3, டி4, எஃப்4, ஜி3, எச்4. கறுப்பு: இ8-இல் ராஜா, எஃப்7-இல் யானை, ஏ5-இல் குதிரை, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி5, ஜி6, எச்7. ஆறுக்கு ஆறு, கணக்கில் சமம். ஆனால் எச்4 சிப்பாய் அடுத்த நகர்வில் ஜி6-ஐ இடிக்கத் தயார், மந்திரி ஏற்கெனவே ஜி6-ஐப் பார்க்கிறது, ஏ1 யானை ஒரே நகர்வில் எச்1-க்கு வந்துவிடும். ராணிகள் இல்லாததால் வெள்ளை ராஜாவும் தைரியமாக வெளியே வரலாம். கறுப்பிடம் இப்படிச் சொல்ல என்ன இருக்கிறது? ராணிகள் இருந்திருந்தால் 35-ஆவது நகர்வில் ராஜா நடந்தே போயிருக்க முடியாது.

தவறான மாற்றத்துக்கு நம் காலத்து உதாரணம் வேண்டுமானால் 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டம். வெள்ளையில் ஆடிய டிங் லிரென் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் யானையும் மந்திரியும் இருக்கும்வரை டிரா செய்யக்கூடிய நிலையில் இருந்தார். 55.யானை எஃப்2 என்று யானையை மாற்றிக்கொள்ள அழைத்தார். குகேஷ் யானையை வெட்டினார், ராஜா திருப்பி வெட்டியதும் 56...மந்திரி டி5. வெள்ளை மந்திரி ஏ8 மூலையில் மாட்டிக்கொண்டிருந்ததால் அந்த மாற்றத்தையும் மறுக்க வழியில்லை. மிச்சம் இருந்தது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும், அங்கே அந்த ஒரு சிப்பாய் போதும். 58-ஆவது நகர்வோடு ஆட்டம் முடிந்தது, குகேஷ் உலக சாம்பியன். யானையை மாற்றும்போது "அடுத்து மந்திரியும் போனால் என்ன ஆகும்" என்று ஒரு படி தள்ளிப் பார்க்க வேண்டும்.

கேள்வி (மதுரை வாசகர்): 27.எச்5-க்கு கறுப்பு ஏன் சிப்பாயை வெட்டவில்லை? ஒரு சிப்பாய் இனாமாகக் கிடைக்கிறதே.

பதில்: 27...ஜி×எச்5 28.யானை எச்1 ராஜா எஃப்8 29.யானை×எச்5 வரை போய்ப் பாருங்கள். எச்5 யானை ஒரே நேரத்தில் மேலே எச்7-ஐயும் பக்கவாட்டில் டி5-ஐயும் அடிக்கிறது. எச்7-ஐ மந்திரியும் அடிக்கிறது. 29...ராஜா ஜி8 என்று எச்7-ஐக் காத்தால் 30.யானை×டி5. சிப்பாய் இனாமும் இல்லை, இரண்டு சிப்பாய்கள் தனித்தனியாகக் கிடந்து கஷ்டப்படும்.

30-ஆவது நகர்வில் யானை எச்7 வந்ததும் சி7 சிப்பாய் அடிபடுகிறது, கறுப்பு ராஜா எட்டாம் வரிசையை விட்டு இறங்கவே முடியாது. 30...யானை சி6 என்று சி7-ஐக் காத்துக்கொண்டே சி3-ஐக் குறிவைத்தது டார்டகோவர் செய்த நல்ல காரியம்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): 31...யானை×சி3 என்று அப்போதே வெட்டியிருக்கலாமே?

பதில்: 32.மந்திரி×ஜி6. இப்போது எஃப்4, ஜி4 என்று இரண்டு வெள்ளைச் சிப்பாய்கள் ஜோடியாக நிற்கின்றன, அவற்றை மறிக்கக் கறுப்புச் சிப்பாய் ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை. சி2-இல் செக் சொல்லலாம் என்று நினைத்தால் ஜி6 மந்திரி சி2 வரை பார்க்கிறது. எஃப்5, எஃப்6 என்று சிப்பாய் ஏறிவிட்டால் யானை எச்8 மேட் ஆகிவிடும்: இ7-ஐயும் ஜி7-ஐயும் சிப்பாய் அடைக்கிறது, எஃப்7-ஐ மந்திரி அடைக்கிறது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): எல்லோரும் கொண்டாடும் 35.ராஜா ஜி3 எனக்குப் புரியவே இல்லை. சி3 சிப்பாய் செக்கோடு போகிறது, அடுத்து எஃப்4-உம் செக்கோடு போகிறது. தெரிந்தே இரண்டு சிப்பாய்களைக் கொடுத்துவிட்டு எப்படி ஜெயிக்க முடியும்? விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: விளக்கமாகவே சொல்கிறோம். ஒரு நகர்வு பின்னால் போய், 34.மந்திரி×எஃப்5-இலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

33...குதிரை எஃப்5 வந்தபோது கறுப்பு ஒருவாறு மூச்சுவிட்டது. முன்னதாக வெள்ளை, யானை எச்6 ஆடி அடுத்து எஃப்5 தள்ளப் பார்த்தது. அப்போது ஜி6 சிப்பாய் எஃப்5-ஐ வெட்டினால் எச்6 யானைக்கும் சி6 யானைக்கும் நடுவே வழி திறந்து கறுப்பு யானை பறிபோகும். குதிரை எஃப்5-இல் உட்கார்ந்து அந்தத் தள்ளுதலை மறித்தது, எச்6-ஐயும் காத்தது. எஃப்5-இலிருந்து குதிரை பாயும் எட்டுக் கட்டங்களையும் விரல் விட்டு எண்ணுங்கள்: டி4, டி6, இ3, இ7, ஜி3, ஜி7, எச்4, எச்6. இதில் ஜி3-உம் எச்4-உம் இருக்கின்றன. வெள்ளை ராஜா மேலே ஏறப்போகும் பாதையே அவைதான். அந்தக் குதிரை இருக்கும்வரை ராஜாவின் நடை இல்லை. அதனால்தான் ஆட்டம் முழுக்கப் பொத்திவைத்த நல்ல மந்திரியைக் கொடுத்துக் குதிரையை எடுத்தார். திருப்பி வெட்டிய கறுப்புச் சிப்பாய் ஜி6-இலிருந்து எஃப்5-க்குப் போனதால் ஜி5-இல் உள்ள வெள்ளைச் சிப்பாய்க்கு முன்னால் பாதை காலியானது. இனி அதை மறிக்க எந்தச் சிப்பாயும் இல்லை, அது பாஸ்டு பான்.

இப்போது பலகை: வெள்ளை ராஜா எஃப்3, யானை எச்7, சிப்பாய்கள் ஏ4, சி3, டி4, எஃப்4, ஜி5. கறுப்பு ராஜா எஃப்8, யானை சி6, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி5, எஃப்5. சி3 அடிபடுகிறது. யானை எச்3-க்கு இறங்கினாலும் எஃப்3-இல் நிற்கும் தன் ராஜாவே குறுக்கே இருப்பதால் அதைக் காக்க முடியாது. இறங்கினால் ஏழாம் வரிசை போச்சு, கறுப்பு ராஜா வெளியே வந்துவிடும், எல்லா உழைப்பும் வீண்.

35.ராஜா ஜி3 யானை×சி3+ 36.ராஜா எச்4. இங்கே நிறுத்துங்கள். ராஜா எங்கே போக விரும்புகிறது? ஜி6 அல்லது எஃப்6-க்கு. வழி ஜி3, எச்4, அங்கிருந்து மேலே. கறுப்பு சி3-ஐச் செக்கோடு வெட்டியது லாபம் போலத் தெரிகிறது. ஆனால் அந்தச் செக்குக்குப் பதிலாக ராஜா போன இடம், எப்படியும் போக வேண்டிய எச்4-தான். அந்தச் செக்கினால் வெள்ளைக்கு ஒரு நகர்வுகூட நஷ்டமில்லை. கறுப்பு யானையோ இரண்டு நகர்வு சிப்பாய் பொறுக்கப் போய்விட்டது.

36...யானை எஃப்3 37.ஜி6 யானை×எஃப்4+ 38.ராஜா ஜி5. மறுபடியும் அதே கதை: செக்குக்குப் பதில் சொல்லும் நகர்வே முன்னேறும் நகர்வு. அதோடு காவலில்லாத எஃப்4 யானையையும் ராஜாவே அடிக்கிறது. இப்போது எண்ணுங்கள், வெள்ளைக்கு மூன்று சிப்பாய், கறுப்புக்கு ஐந்து. காய்க் கணக்கு மட்டும் பார்ப்பவருக்குக் கறுப்பு ஜெயிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் சண்டை நடக்கும் ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு ராஜா, யானை, ஜி6 சிப்பாய் என்று மூன்று பேர். கறுப்புக்கு ராஜா மட்டும், அதுவும் எட்டாம் வரிசையில் சிறைப்பட்டு. அந்த இடத்தில் மூன்றுக்கு ஒன்று.

38...யானை×டி4 என்று மூன்றாவது சிப்பாயையும் எடுத்தால்? 39.ராஜா எஃப்6, யானை எச்8 மேட் என்ற மிரட்டல். 39...ராஜா ஜி8 என்றால் 40.யானை டி7, அடுத்து டி8-இல் மேட். 40...யானை எஃப்4 ஆடி எஃப்8-க்கு வந்து மறைக்கலாமென்றால் எஃப்5-இல் தன் சிப்பாயே குறுக்கே நிற்கிறது.

36...யானை சி1 என்று பின்னாலிருந்து செக் கொடுக்கப் பார்த்தாலும் 37.ராஜா எச்5 யானை எச்1+ 38.ராஜா ஜி6 யானை×எச்7 39.ராஜா×எச்7. யானைகள் போய்விட்டன, ஜி சிப்பாய்க்குப் பக்கத்தில் அதன் ராஜா. 39...சி5 40.ஜி6 சி×டி4 41.ஜி7+ அடுத்து ராணி. கறுப்பு சிப்பாய்கள் பாதிவழிகூட வரவில்லை.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): 38...யானை இ4-க்குப் பிறகு 39-இல் ராஜா எஃப்5 சிப்பாயை வெட்டியிருக்கலாம், வெட்டாமல் எஃப்6 போகிறது. மூன்று நகர்வு கழித்து 42-இல் அதே சிப்பாயை வெட்டுகிறது. ஏன் இந்தத் தாமதம்?

பதில்: அந்தக் கறுப்புச் சிப்பாய் வெள்ளை ராஜாவுக்குக் குடை. ராஜா எஃப்6-இல், சிப்பாய் எஃப்5-இல். கறுப்பு யானை எஃப் ஃபைலில் கீழே எங்கிருந்து செக் கொடுக்க வந்தாலும் தன் சிப்பாயே மறைக்கும். 39.ராஜா×எஃப்5 என்று அவசரப்பட்டால் எஃப் ஃபைல் திறந்துவிடும், ராஜா எஃப்6 ஏறும்போதெல்லாம் யானை எஃப்4+ என்று விரட்டும்.

39.ராஜா எஃப்6 ராஜா ஜி8 40.யானை ஜி7+ ராஜா எச்8 41.யானை×சி7. இப்போது யானை சி8+ மேட் மிரட்டல், நடுவே இ8-இல் யானையை வைத்து மறைத்தாலும் வெட்டினால் மேட்தான். ஆகவே 41...யானை இ8 கட்டாயம். யானை பின்வரிசையில் கட்டுண்டு கிடக்கும் இந்த நொடிதான் சிப்பாயை வெட்டும் நேரம்: 42.ராஜா×எஃப்5. 42...யானை இ4 (டி5 சிப்பாயின் காவலில் இருப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது) 43.ராஜா எஃப்6 யானை எஃப்4+ 44.ராஜா இ5. செக் கிடைத்தது, ஆனால் ஒன்றோடு சரி. ராஜா இ5-இல் நின்று டி4-ஐக் காக்கிறது, எஃப்4 யானையை அடிக்கிறது, டி5 சிப்பாய்க்கும் வாய்வைக்கிறது. 44...யானை ஜி4 45.ஜி7+ ராஜா ஜி8 46.யானை×ஏ7 யானை ஜி1 47.ராஜா×டி5.

45...யானை×ஜி7 ஏன் கூடாது? 46.யானை×ஜி7 ராஜா×ஜி7 47.ராஜா×டி5. வெள்ளை ராஜா மையத்தில், கறுப்பு ராஜா மூன்று ஃபைல் தள்ளி. சிப்பாய் ஆட்டம் சுலபமான தோல்வி.

கேள்வி (வேலூர் வாசகர்): மந்திரி குதிரையைவிட எப்போதும் மேலா?

பதில்: இல்லை. இந்த ஆட்டத்திலேயே நல்ல மந்திரியைக் குதிரைக்குக் கொடுத்த பிறகுதான் வெற்றி வந்தது.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): என் பெண் பன்னிரண்டு வயது, மாவட்டப் போட்டிகளில் ஆடுகிறாள். இப்படிப்பட்ட ஆட்டங்களை வீட்டில் எப்படி அலசுவது? நகர்வுகளைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் எஞ்சினைப் போட்டு, அது காட்டும் மதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள்.

பதில்: எஞ்சினைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் மரப்பலகையோ ரோல் போர்டோ எதுவாயினும் கையால் காய் நகர்த்தும் பலகை. நகர்வுத் தாளை ஒரு அட்டையால் மூடி, வெற்றி பெற்றவர் பக்கம் உட்கார வேண்டும். எல்லா நகர்விலும் நிறுத்தினால் சலித்துவிடும். சிப்பாய் அமைப்பு மாறும் இடத்திலும் காய்கள் மாற்றப்படும் இடத்திலும் நிறுத்தினால் போதும். இந்த ஆட்டத்தில் 12, 16, 19, 25, 27, 34, 35 என்று ஏழு இடங்கள். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம், 35-இல் மட்டும் இருபது. ஒரே மூச்சில் வேண்டாம், ராணிகள் மாறும்வரை ஒருநாள், மீதி மறுநாள்.

நிறுத்திய இடத்தில் நோட்டில் மூன்று வரி எழுத வேண்டும்: எதிராளி அடுத்து என்ன செய்யப் பார்க்கிறார், என் காய்களில் வேலையே இல்லாதது எது, நான் ஆட நினைக்கும் நகர்வு என்ன. எழுதிய பிறகே அட்டையை நகர்த்த வேண்டும். மனதுக்குள் நினைத்துக்கொண்டால் விடை தெரிந்ததும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று தோன்றிவிடும். எழுதினது மாறாது.

குழந்தைகள் பெரும்பாலும் சறுக்குவது இரண்டு இடத்தில். ஜெயித்தவர் ஆடிய நகர்வெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்வது ஒன்று. தோற்றவர் பக்கம் உட்காராதது மற்றொன்று. அட்டையைப் போட்டு ஒருமுறை முடித்த பிறகு பலகையைத் திருப்பி, டார்டகோவர் பக்கமாக 22-ஆவது நகர்விலிருந்து "எச்4, எச்5 வரப்போகிறது, நான் என்ன செய்வேன்" என்று தேடச் சொல்லுங்கள். எங்கள் கணிப்பில் கறுப்பின் பெரிய சிரமம் 23...டி5 அல்ல, அதற்கு ஏழு நகர்வு முன்பு 16-இல் ஏ5-க்குப் போன குதிரை. உங்கள் மகள் வேறு இடத்தைக் காட்டினாலும் சரிதான், காரணம் எழுதியிருக்க வேண்டும்.

அதற்குப் பின் எஞ்சின். எண்ணைப் பார்ப்பதோடு விடாமல், 34-க்குப் பிறகான நிலையை வைத்து அவளே வெள்ளையில் எஞ்சினோடு கடைசிவரை ஆடட்டும். முதலிரண்டு முறை டிராவோ தோல்வியோ ஆகலாம். எங்கே நழுவியது என்று கண்டுபிடிக்கும்போதுதான் எஃப்5 சிப்பாய் குடை என்பது கைக்கு வரும். லிச்செஸ் தளத்தில் ஸ்டடி என்ற பகுதி இலவசம், அவளுடைய மூன்று வரிக் குறிப்புகளை நகர்வுக்கு நகர்வு அங்கே சேமித்து வைக்கலாம்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): 52.டி6 ஆனதும் டார்டகோவர் விட்டுக்கொடுத்துவிட்டார். யானைக்கு யானை இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஆடியிருக்கலாமே?

பதில்: 47-க்குப் பிறகு வந்த நகர்வுகள்: 47...யானை சி1 48.ராஜா டி6 யானை சி2 49.டி5 யானை சி1 50.யானை சி7 யானை ஏ1 51.ராஜா சி6 யானை×ஏ4 52.டி6. வெள்ளை ராஜா சி6, யானை சி7, சிப்பாய்கள் டி6, ஜி7. கறுப்பு ராஜா ஜி8, யானை ஏ4, சிப்பாய் பி6.

கறுப்பு ராஜா ஜி7 சிப்பாய்க்குக் காவல், ஜி8-ஐ விட்டுத் தூரம் போக முடியாது. ஆகவே டி சிப்பாயைத் தடுக்க யானை தனியாக ஓட வேண்டும். 52...யானை டி4 53.டி7 யானை சி4+ 54.ராஜா பி7 யானை டி4 55.ராஜா சி8. இனி டி8-இல் சிப்பாய் ராணியாகும், யானையைக் கொடுத்துத்தான் நிறுத்த முடியும். கொடுத்த பிறகு பி6-இல் ஒற்றைச் சிப்பாய் வெள்ளை யானைக்கு எதிரே என்ன செய்யும்?

ஜி7 சிப்பாயை ராஜா ஏன் தின்னவில்லை என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். சி7 யானையிலிருந்து ஏழாம் வரிசையில் விரலை ஓட்டுங்கள், நடுவில் காய் ஒன்றும் இல்லை, நேராக ஜி7-இல் போய் நிற்கும். 30-ஆவது நகர்வில் எச்7-க்கு வந்த யானை, 40-இல் ஜி7, 41-இல் சி7, 46-இல் ஏ7, 50-இல் மறுபடி சி7. 22 நகர்வுகளில் ஒருமுறைகூட அந்த வரிசையை விட்டு இறங்கவில்லை.